முகூர்த்த நாளில் இறந்த கணிதவியலாளர்கள்

கோவில்பட்டியில் ஒரு நாட்காட்டி அச்சகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் மெய்ப்புத் திருத்துநராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். சென்ற மாதம் அங்கிருந்து தொலைபேசியில் அழைத்தார்கள். என் இருக்கையில் இப்போது அமர்ந்திருக்கும் அம்மையார் பேசினார்.

"அய்யா, பள்ளிக்கூடங்கள்ல அந்தக் கணக்கு மேதைங்க காலண்டரத் திரும்பவும் கேக்குதாங்க. நீங்க அன்னைக்குத் தொகுத்த பட்டியல் ஃபோன்லயே கெடைக்குது. எல்லா வாத்தியார் குரூப்லயும் சுத்துதுல்லா? அத அப்படியே எடுத்துப் போட்டுருதோம்."

"மூல நூல்களோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள் அம்மா" என்றேன்.

"எதுக்கு அய்யா? கீழயே போட்டிருக்கே, 'அனைத்து நாள்களும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை'ன்னு. கல்வி ஆபீஸ்லயே ஒத்துக்கிட்டதாம்."

அத்தொடர் என் கையால் எழுதப்பட்டது. அதில் ஒரு சொல்லும் பொய்யன்று. ஆயினும் அதன் விளைவாகச் சில பெருங்கணிதர்கள் தாம் இறக்காத நாள்களில் இம்மாவட்டப் பள்ளிகளில் ஆண்டுதோறும் இறந்துகொண்டிருக்கிறார்கள். இந்நிகழ்ச்சியை அறிந்தவர்களுள் முதலாளி காலமாகிவிட்டார். எனக்கும் எழுபதை ஒட்டிய அகவை. ஆகவே எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

கணிதவியலாளர் எவருடைய பெயரையும் இக்கட்டுரையில் குறிக்கப்போவதில்லை. பெயரைச் சொன்னால் உடன் பிறப்பு நாளையும் மறைவு நாளையும் சொல்ல வேண்டும். அந்நாள்களைச் சொல்லும் தகுதியை நான் எவ்வாறு இழந்தேன் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புலவர் பட்டம் பெற்றவுடன் தமிழாசிரியர் பணி தேடி வரும் என நம்பினேன். அது வேறு பலரைத் தேடிச் சென்றது. ஓராண்டு காத்திருந்தபின் அச்சகத்தில் சேர்ந்தேன். ஈய எழுத்தைத் தலைகீழாகப் படிக்கப் பழகியதும், பின்னர் கணினி வந்தபோது அப்பழக்கத்தை மறந்ததும் என் பயிற்சிக் காலத்தின் முழு வரலாறு.

தினந்தோறும் கிழிக்கும் நாட்காட்டியை மக்கள் சிறு பொருளாக எண்ணுகிறார்கள். ஒரு நூலில் பிழை இருந்தால் அதைப் படிப்பவர் கண்ணில்தான் படும். நூலைப் படிப்பவரோ குறைவு. நாட்காட்டியில் பிழை இருந்தால் ஒரு வீட்டின் திருமணமே தடம் மாறும். எனவே எங்கள் முறை கடுமையானது. சோதிடர் கணித்துத் தரும் பஞ்சாங்கக் குறிப்பு முதலில் வரும். அதன்படி முகூர்த்தம், கரிநாள், அட்டமி, நவமி ஆகியவற்றைத் தாள்களில் இடுவோம். பிறகே தாளின் பின்புறத்தில் அடிக்கும் செய்திகளைச் சேர்ப்போம். மெய்ப்பை ஒருவர் தனியாகப் பார்ப்பது கிடையாது. நான் மூலத்தை உரக்கப் படிக்க, எதிரே அமர்ந்து சுப்பையா என்னும் நண்பர் அச்சிட்ட தாளில் விரலை ஓட்டுவார். எண்களை ஒவ்வொரு இலக்கமாகப் படிக்க வேண்டும். "இருபத்து மூன்று" என்று சொல்லக் கூடாது. "இரண்டு, மூன்று" என்று சொல்ல வேண்டும். ஒருமுறை முடித்தபின் இருக்கை மாறி, அவர் படிக்க நான் பார்ப்பேன். முப்பத்தொரு ஆண்டுகளில் இம்முறையைத் தாண்டி ஒரு பிழை வெளிச்சென்றதில்லை என்று நான் பலரிடம் பெருமை பேசியிருக்கிறேன்.

எங்கள் முதலாளியைப் பணியாளர் அனைவரும் மைதீன் பாய் என்றே அழைத்தோம். ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். அவரளவுக்கு இந்து முகூர்த்தங்களை மனத்தில் வைத்திருந்த ஒருவரை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. "மாசில வளர்பிறை முகூர்த்தம் எத்தன?" என்று கேட்டால், பஞ்சாங்கத்தைப் புரட்டாமல் கிழமையோடு சொல்லுவார். சினம் வந்தால் குரல் உயராது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மேசையில் கிடக்கும் பழைய மெய்ப்புத் தாளொன்றால் மெல்லத் துடைப்பார். துடைத்து முடிப்பதற்குள் நாம் நம் கருத்தை மாற்றிக்கொண்டுவிட வேண்டும் என்பது அச்சகத்தில் எழுதப்படாத விதி.

அவர் வகுத்த விதி ஒன்று உண்டு. முகூர்த்தத் தாளின் பின்புறத்தில் எவருடைய மறைவுச் செய்தியும் வரக் கூடாது. இப்பகுதியில் பல குடும்பங்கள் திருமணத்தன்று காலையில் அந்நாள் தாளைக் கிழித்து, மங்கலப் பொருள்களோடு தாம்பாளத்தில் வைப்பதும், பின்னர் அழைப்பிதழோடு பெட்டியில் காப்பதும் வழக்கம். நான் சேர்ந்த புதிதில் ஒரு தலைவரின் நினைவு நாள் அவ்வாறு ஒரு முகூர்த்தத் தாளில் அச்சாகிவிட்டது. எப்போதும்வென்றான் என்னும் ஊரிலிருந்து பெண்ணின் தந்தையார் நேரில் வந்து, "கல்யாணத் தாளத் திருப்பிப் பாத்தா எழவு போட்டிருக்கீரு. ஒம்ம வீட்டு விசேஷத்துக்கு இப்படித்தான் போடுவீராவே?" என்று கேட்டார். அவரைத் தேற்றி அனுப்ப முதலாளிக்கு அரைநாள் ஆயிற்று. அன்றிலிருந்து, "நல்ல நாள்ல ஒருத்தரும் சாகக் கூடாது, பொறக்கிறவங்க எந்த நாள்லயும் பொறந்துக்கிடட்டும்" என்பது எங்கள் அச்சகத்தின் சட்டம். மறைவைச் சொல்லாமல் விட்டு அவ்விடத்தில் ஒரு மூலிகைக் குறிப்பைப் போட்டு ஆண்டுகள் பல ஓடின. விடுவது பொய்யாகாது என்பதால் என் மனச்சான்றும் உறங்கியது.

அப்போதுதான் ஒரு பயிற்சி நிலையத்தார் கணிதவியலாளர் நாட்காட்டி வேண்டும் என்று வந்தனர். ஒவ்வொரு தாளின் பின்னும் ஒரு கணிதவியலாளரின் பிறப்போ மறைவோ இடம்பெற வேண்டும். பெரும்புகழ் பெற்ற முப்பதின்மருக்கு மட்டும் இரண்டுமே கட்டாயம் வேண்டும். அச்சிட்டுச் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் அவர்கள் கொடுக்கப்போவதாகச் சொன்னார்கள்.

"முந்நூத்தி அறுவத்தஞ்சு கணக்கப்பிள்ளைக்கு எங்கவே போறது?" என்றார் முதலாளி.

"கணக்கப்பிள்ளைகள் வேறு, கணிதவியலாளர்கள் வேறு" என்றேன்.

"ரெண்டு பேரும் கூட்டத்தான செய்யுதாங்க? சரி, ஒரு ஆளுக்குப் பொறந்ததுக்கு ஒரு தாள், செத்ததுக்கு ஒரு தாள். பாதிப்பேரு போதும்."

கல்லூரி நூலகத்திலிருந்து கணித வரலாற்று நூல்கள் இரண்டை இரவல் பெற்றுப் பட்டியல் தொடங்கினேன். அப்பணியில்தான் ஒன்றை உணர்ந்தேன். உலகில் எல்லாவற்றையும் அளந்த இம்மாந்தர்களின் வாழ்நாளை ஒருவரும் சரியாக அளந்து வைக்கவில்லை. ஆங்கில நாட்டுப் பேரறிஞர் ஒருவர் பழைய நாட்காட்டிப்படி கிறித்துமசு நாளிலும், புதிய நாட்காட்டிப்படி சனவரியிலும் பிறந்திருந்தார். எதை எடுப்பது என்று கேட்டேன். "ஒரு ஆளு ரெண்டு தடவ பொறந்தா நமக்கென்ன நட்டம்? ரெண்டு தாள் நெறையுதுல்லா?" என்றார் முதலாளி. நம் நாட்டுப் பழங்கணிதர்களுக்கோ பிறந்த ஆண்டே ஐயத்துக்குரியது. நாளுக்கு எங்கே போவது? காலியாகக் கிடக்கும் தாள்களில் அவர்களைப் பிறக்கவைக்கலாம் என்றார் அவர். நான் உடன்படாமல், அத்தாள்களில் அவர்தம் பணியைக் குறித்து, கீழே "பிறந்த நாள் அறியப்படவில்லை" என்று அச்சிட்டேன். நேர்மை வென்றது என்று மகிழ்ந்தேன். மறு ஆண்டு நாகலாபுரம் பக்கத்துப் பள்ளியொன்றில் அத்தாள்களுள் ஒன்று வந்த நாளிலேயே அதில் குறித்த பழங்கணிதருக்குப் பிறந்தநாள் கொண்டாடி மிட்டாய் வழங்கியதாகக் கேள்விப்பட்டேன்.

அவ்வாண்டு பஞ்சாங்கக் குறிப்பு தாமதமாக வந்தது. அது வருவதற்குள் பின்புறச் செய்திகள் அனைத்தையும் கோத்து முடித்திருந்தோம். ஆடிப்பெருக்கன்று புதிய ஆண்டின் மாதிரித் தொகுப்பை வணிகர்களுக்குக் காட்டியாக வேண்டும். இடையில் சில நாள்களே இருந்தன. முகூர்த்தங்களைக் குறித்தபோது பல மறைவுகள் அவற்றில் சிக்கின. என் கையிருப்பில் இருந்த பிறப்புகளை அவ்விடங்களில் இட்டு ஒவ்வொன்றாக நீக்கினேன். கடைசியில் நான்கு எஞ்சின. நால்வரும் அந்த முப்பதின்மருள் அடங்குவோர்; விட்டுவிட இயலாது. அவர்களுள் தலையாயவர், கணித உலகின் இளவரசர் என்று போற்றப்படும் செருமானியர். அவர் மாசி மாதத்து நல்ல முகூர்த்தம் ஒன்றில் இறந்திருந்தார்.

முதலாளியிடம் எடுத்துச் சென்றேன்.

"ரெண்டு நாள் தள்ளிப் போடும்" என்றார்.

"இறந்த நாளை எவ்வாறு தள்ளுவது?"

"புலவரே, அவரு வெள்ளக்காரரு. நம்ம மாசி முகூர்த்தம் அவருக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா ரெண்டு நாள் பொறுத்திருப்பாரு."

"இது வரலாறு. மாற்றக் கூடாது."

"எங்க பெருநாளே பெறையப் பாத்து ஒருநாள் முன்னப்பின்ன வருது. நூத்தம்பது வருசத்துக்கு முன்னால செத்தவருக்கு ரெண்டு நாள் ஒரு கணக்கா? செத்தவரு கோவிச்சுக்கிட மாட்டாரு. மாப்பிள வீட்டுக்காரன் கோவிப்பான்."

சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் துடைத்து முடிப்பதற்குள் நான் என் கருத்தை மாற்றிக்கொண்டேன்.

நால்வரையும் ஓரிரு நாள் தள்ளி, முகூர்த்தமில்லாத நாள்களுக்கு நகர்த்தி, அங்கே ஏற்கனவே இருந்தவருக்குக் கீழே சிறிய எழுத்தில் சேர்த்தோம். அவர்கள் விட்டுச்சென்ற நான்கு முகூர்த்தத் தாள்களின் பின்புறம் வெறுமையாக நின்றது. கையிருப்பில் பிறப்புகளும் தீர்ந்திருந்தமையால், அங்கே பதினாறாம் வாய்பாட்டிலிருந்து பத்தொன்பதாம் வாய்பாடு வரை அச்சிட்டேன். மணமக்கள் பெருகட்டும் என்று சுப்பையா வாழ்த்தினார்.

மறு ஆண்டு, பங்குனி வெயிலில், ஒருநாள் முற்பகல். முப்பத்தைந்து அகவை மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் அச்சகத்துக்கு வந்தார். கையில் ஒரு பழுப்பு உறையும் எங்கள் நாட்காட்டியின் ஒரு தாளும் இருந்தன. பெயர் பேச்சியம்மாள், எப்போதும்வென்றானுக்கு அப்பால் ஒரு சிற்றூர்ப் பள்ளியில் இடைநிலை ஆசிரியை.

"இத யாரு போட்டது?" என்று தாளை என் மேசைமேல் வைத்தார். செருமானியர் அதில் சிறிய எழுத்தில் இறந்திருந்தார்.

நடந்ததை அவர் சொன்னார். தம் பள்ளியில் காலை வழிபாட்டின்போது நாட்காட்டியைப் பார்த்து அன்றைய கணிதவியலாளரைப் பற்றிச் சில சொற்கள் சொல்வதும், மறைவு நாளாக இருந்தால் ஒரு நிமிடம் அமைதி காப்பதும் அவர் கொண்டுவந்த வழக்கம். அத்தாளின் நாளன்று பிள்ளைகள் அமைதியில் நிற்கும்போது கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்திருக்கிறார். அவர் கணிதத்தில் முதுகலை பயின்றவர். அந்தச் செருமானியரையே தம் வழிகாட்டியாகக் கொண்டவர். "யாருக்காக நிக்கிறீங்க?" என்று கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் பெயரையும் நாளையும் சொன்னார்கள். ஒரு பிள்ளையும் பிசகவில்லை. அதுவே கேடாயிற்று.

உறைக்குள் இருந்தது குறிப்பாணை. தவறான செய்தியை மாணவர்க்குக் கற்பித்தமைக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என ஏழு நாள்களுக்குள் விளக்கம் தர வேண்டும். நான்கு நாள்கள் கழிந்திருந்தன.

"அடுத்த மாசம் பட்டதாரி ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் போடுதாங்க அய்யா. பதினோரு வருசமாக் காத்திருக்கேன். கணக்குல பட்டம் வாங்கிட்டு ரெண்டாம் வகுப்புக்குப் பாட்டுச் சொல்லிக்குடுக்கேன். குறிப்பாணை நிலுவையில இருந்தா பேர எடுத்துருவாங்க. தப்பு காலண்டர்லதான்னு நீங்க ஒரு கடுதாசி தந்தாப் போதும்."

தந்துவிடலாம் என்றுதான் எழுந்தேன். முதலாளி எல்லாவற்றையும் தம் அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். என்னை உள்ளே அழைத்தார்.

"கடுதாசி குடுத்தா நாளைக்கே ஊரெல்லாம் தெரியும். 'அந்தப் பிரஸ் காலண்டர்ல தேதியே தப்பு'ன்னு பேச்சு வந்தா, வார ஆடிப்பெருக்குக்கு ஒருத்தனும் வரமாட்டான். நாப்பது குடும்பம் இங்கன சாப்பிடுது."

"அந்த அம்மையாரின் பதினோரு ஆண்டுகள் அங்கே நிற்கின்றன" என்றேன். "நம் நான்கு பிழைகளுக்கு அவர் ஏன் தண்டனை பெற வேண்டும்? தாங்கள் ஒப்பமிட மறுத்தால் என் பெயரில் எழுதித் தருவேன்."

அவரை எதிர்த்து நான் பேசிய ஒரே நாள் அது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் அசையாமல் நின்றேன். துடைத்தார், மீண்டும் துடைத்தார், தாள் கிழிந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு சன்னல் வழியே அம்மையாரைச் சற்றுநேரம் பார்த்தார்.

"எழுதும். ஆனா ஒண்ணுன்னு எழுதும். நாலுன்னு எழுதாதேயும். அந்தப் பொம்பளப்பிள்ளைக்கு ஒண்ணு போதும்லா?"

என் வாழ்நாளில் நான் மிகுந்த கவனத்தோடு யாத்த உரைநடை அக்கடிதம். செருமானியரின் மறைவு நாள், அச்சக நடைமுறை காரணமாக, மூலத்திலிருந்து இரண்டு நாள் பெயர்த்து அச்சாகிவிட்டது என்றும், அப்பிழைக்கு அச்சகமே பொறுப்பு என்றும், ஆசிரியைக்கு அதில் பங்கில்லை என்றும் எழுதினேன். இறுதியில் அலுவலர் ஐயுறாதிருக்க ஒரு தொடர் தேவைப்பட்டது. "இந்நாட்காட்டியின் அனைத்து நாள்களும் மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டவை" என்று முடித்தேன். உண்மைதான். ஒவ்வொன்றையும் இருவர் படித்து, இருக்கை மாறிப் படித்துச் சரிபார்த்தோம். சரிபார்த்த பின்னரே நகர்த்தினோம்.

முதலாளி ஒப்பமிட்டார். பேச்சியம்மாள் கடிதத்தை இருமுறை படித்தார். கடைசித் தொடரில் அவர் கண் சற்று நின்றதைக் கண்டேன். ஏதோ கேட்க வாய் திறந்தவர், "வாரேன் அய்யா" என்று மட்டும் சொல்லிப் புறப்பட்டார்.

குறிப்பாணை கைவிடப்பட்டது. பட்டியலில் அவர் பெயர் இடம்பெற்றது. அத்தோடு முடிந்திருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. கல்வி அலுவலர் நல்லவர். நல்லவர்கள் ஒரு செயலை அரைகுறையாக விடுவதில்லை. பிழையைத் தாமே ஒப்புக்கொண்ட அச்சகத்தை அவர் அதற்கு முன் கண்டதில்லையாம். எங்கள் நேர்மையைப் பாராட்டி, அந்த ஒரு நாளைத் திருத்திக்கொண்டு ஏனையவற்றை அப்படியே பின்பற்றலாம் எனச் சுற்றறிக்கை விடுத்தார். என் கடைசித் தொடரை மேற்கோளாகக் காட்டியிருந்தார். நாட்காட்டிப் பட்டியலை எவரோ தட்டச்சு செய்து, அத்தொடரையும் கீழே சேர்த்துக் கைப்பேசியில் அனுப்பினார்கள். வினாடி வினாக்களுக்கு அதுவே மூலமாயிற்று. எங்கள் நாட்காட்டி அவ்வாண்டு விற்றதுபோல் அதற்கு முன்னும் பின்னும் விற்கவில்லை. "உண்ம பேசினா யாவாரம் நடக்கும்னு இத்தன வருசம் ஏன்வே எனக்குச் சொல்லல?" என்று முதலாளி கேட்டார்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் கோவில்பட்டிப் பேருந்து நிலையத்தில் பேச்சியம்மாளைக் கண்டேன். விளாத்திகுளம் செல்லும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்திருந்தார். மடியில் விடைத்தாள் கட்டு. பட்டதாரிக் கணித ஆசிரியையாக ஆறாம் ஆண்டு என்றார். நலம் உசாவியபின், நெடுநாள் நெஞ்சில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அன்று நான் ஒன்று என எழுதினேன். உண்மையில் நான்கு."

அவர் சிரித்தார். "தெரியும் அய்யா. குறிப்பாணை வந்த அன்னைக்கே நூலகத்துல ஒக்காந்து மொத்தத்தையும் பாத்துட்டேன். முகூர்த்தத் தாளுக்குப் பின்னால வாய்பாடு வந்தா, பக்கத்துல ஒருத்தர் செத்திருக்காரு. கணக்குக்காரிக்கு இது தெரியாதா?"

"அறிந்துமா பேசாமல் கடிதத்தை வாங்கிச் சென்றீர்கள்?"

"ஒண்ணு தப்புன்னா காலண்டர் மேல தப்பு. அவ்வளவு தப்புன்னா, 'நீ ஏம்மா மொதல்லயே பாக்கல?'ன்னு என்னையக் கேப்பாங்கல்லா? நீங்க பிரஸ்ஸக் காப்பாத்துனீங்க, நான் என்னையக் காப்பாத்திக்கிட்டேன். என் வகுப்புப் பிள்ளைங்களுக்குச் சரியான தேதிதான் சொல்லுதேன். மத்த பள்ளிக்கூடத்துக்கு நான் யாரு?"

நடத்துநர் விசில் ஊதினார். "அந்த நாலு என் மனத்தை..." என்று நான் தொடங்குவதற்குள் அவர் குறுக்கிட்டார்.

"நாலா? அஞ்சுல்லா இருந்துச்சு!"

"இல்லை அம்மா, நான்குதான். நகர்த்தியவன் நான்."

"நகத்துனது நாலு அய்யா. அஞ்சாவதுக்குப் பக்கத்துல வாய்பாடும் இல்ல, முகூர்த்தமும் இல்ல. அது உள்ளபடியே தப்பு."

"எந்தத் தாள்? யாருடையது?"

பேருந்து நகர்ந்தது. அவர் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "விடைய நானே சொல்லிட்டா எப்படி? வீட்டுப்பாடம்னு வச்சுக்கோங்க!" என்றார். பேருந்து திருப்பத்தில் மறைந்தது.

அன்று மாலையே என் படியையும், மீண்டும் இரவல் பெற்ற அதே இரு நூல்களையும் எடுத்து முதல் தாளிலிருந்து பார்த்தேன். நண்பர் சுப்பையாவை வீட்டுக்கு வரவழைத்து, அவர் படிக்க நான் பார்த்தேன். இருக்கை மாறி, நான் படிக்க அவர் பார்த்தார். ஒவ்வொரு இலக்கமாகப் படித்தோம். நான்கே வருகின்றன. சென்ற மாதத் தொலைபேசி அழைப்புக்குப் பின், நகர்த்திய அந்நான்கின் சரியான நாள்களையும் அச்சகத்து அம்மையாருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஐந்தாவதை அனுப்ப என்னிடம் ஒன்றுமில்லை.

அவ்வாண்டு நாட்காட்டியையோ கைப்பேசியில் உலவும் பட்டியலையோ வைத்திருக்கும் அன்பர்கள், நூலொன்றோடு பொறுமையாக ஒப்பிட்டு, அந்த ஐந்தாவது கணிதவியலாளர் மெய்யாக எந்நாளில் பிறந்தார் அல்லது மறைந்தார் எனத் தெரிவிப்பார்களாயின் கடப்பாடுடையேன். இக்கட்டுரையிலும் பிழை இருத்தல் கூடும். கண்டவர்கள் அதையும் சுட்டலாம். ஒப்பிட்டுச் சரிபார்த்துத்தான் அனுப்புகிறேன், எனினும் சுட்டுங்கள்.